பெயோன்: காலாள் முதல் பண்ணையாள் வரை – ஓர் ஸ்பானியச் சொல்லின் நேர்ப்பொருளும் உருவகப்பொருளும்

முன்னுரை

இலத்தீன் அமெரிக்கப் புனைகதைகள் தமிழில் பெயர்க்கப்படத் தொடங்கி ஒரு தலைமுறைக் காலத்திற்கு மேலாகிறது. அவற்றுள் மிகப் பலவும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழை வந்தடைந்தன. இவ்வாறு இருமுறை மொழியெல்லை கடக்கும் சொற்களுள் சில, வழியிலேயே தம் பொருளை இழக்கின்றன. வேறு சில, தமக்கு உரியதல்லாத பொருளை ஏற்றுக்கொண்டு வருகின்றன. இவ்விரண்டிற்கும் ஒருங்கே சான்றாவது 'பெயோன்' என்னும் ஸ்பானியச் சொல்.

மெக்சிகோ நாட்டின் பெருநிலப் பண்ணை ஒன்றை வருணிக்கும் ஆங்கிலப் பத்தியை முதுகலை மாணவர்களிடம் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக இக்கட்டுரையாளர் ஒருமுறை அளித்ததுண்டு. அப்பத்தியில் இச்சொல் நான்கு இடங்களில் வந்திருந்தது. மாணவர்களின் விடைகளில் மூன்று தமிழ்ச்சொற்கள் காணப்பட்டன: பியூன், கூலி, அடிமை. முதலாவதைக் கண்டு வகுப்பே நகைத்தது. ஆனால் ஏனைய இரண்டும் சரிதானா என்னும் வினாவுக்கு உடனடியாக விடை கூற இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். பெயோன் என்னும் சொல்லின் நேர்ப்பொருள், அதன் வரலாற்று வழிப்பட்ட பொருள்மாற்றம், உருவகப்பொருள் ஆகியவற்றை ஆராய்ந்து, அதற்குத் தமிழில் நிகரனாகக் கொள்ளத்தக்கது எது என்பதைக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

அடிச்சொல்லும் நேர்ப்பொருளும்

பாதத்தைக் குறிக்கும் 'பேஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது பிற்கால இலத்தீனில் வழங்கிய 'பெதோ'. காலால் நடந்து சென்று போரிடும் வீரன் என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியின் பெயோன், போர்த்துகீசிய மொழியின் பியாவ், பிரெஞ்சு மொழியின் பியோன் ஆகிய அனைத்தும் இவ்வேரில் தோன்றியவை. எனவே இச்சொல்லின் முதற்பொருளில் அடிமைத்தனம் என்னும் கருத்துக்கு இடமில்லை. குதிரை இல்லாதவன் என்பது மட்டுமே அதில் அடங்கியுள்ளது.

இதன் எதிர்நிலைச் சொல் 'கபாயெரோ'. குதிரையைக் குறிக்கும் 'கபாயோ' என்பதிலிருந்து பிறந்த இச்சொல், குதிரைவீரன் என்னும் பொருளில் தொடங்கி, உயர்குடியினன், கனவான் என்னும் பொருள்களை எய்தியது. ஊர்ந்து சென்றவன் கனவானானான்; நடந்து சென்றவன் கூலியாளானான். ஓர் ஊர்தியின் உடைமையும் இன்மையும் இரு சொற்களின் எதிர்காலத்தை வரையறுத்தமை நோக்கத்தக்கது.

தொடக்கத்தில் இவ்வேறுபாடு ஓர் அளவுவேறுபாடாகவே இருந்தது. காஸ்டிலிய மொழியின் பழம்பெரும் வீரகாவியமாகிய சித் காவியத்தில், காஸ்தெகோன் வெற்றிக்குப்பின் கொள்ளைப்பொருள் பகுக்கப்படும்போது குதிரைவீரன் பெற்றதில் பாதியைக் காலாள் பெறுகிறான். பாதியே எனினும் அது பங்கு, கூலியன்று. அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் நிகழ்த்திய நில ஆக்கிரமிப்பிலும் இம்முறை தொடர்ந்தது. வென்ற நிலத்தில் காலாளுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 'பெயோனியா' எனவும், குதிரைவீரனுக்கு ஒதுக்கப்பட்டது 'கபாயெரியா' எனவும் பெயர்பெற்றன. 1680-இல் தொகுக்கப்பட்ட இந்தியத் தீவுகளுக்கான சட்டத்தொகுப்பு, கபாயெரியாவின் விளைநிலப் பகுதியைப் பெயோனியாவைப் போல் ஐந்து மடங்காக வரையறுக்கிறது. இங்கும் பெயோன் என்பவன் நிலத்தைப் பெறுபவனே. அந்நிலம் எவரிடமிருந்து பறிக்கப்பட்டதோ, அம்மக்களின் வழித்தோன்றல்களே பிற்காலத்தில் அதே பெயரால் அழைக்கப்பட்டனர் என்பதுதான் இச்சொல்லின் வரலாற்றில் நிகழ்ந்த பெருந்திருப்பம்.

பங்காளி கடனாளியான நிலை

நிலம் பெருநிலக்கிழார்களின் கையில் குவியக் குவிய, பெயோன் என்பது நிலமற்ற உழைப்பாளியைக் குறிக்கலாயிற்று. ஒருநாள் உழைப்பின் அளவைக் குறிக்கும் 'பெயோனாதா' என்னும் சொல்லும் இவ்வேரில் பிறந்ததே. பெயோனியா நிலத்தின் அளவு. பெயோனாதா உழைப்பின் அளவு. ஒரே வேரிலிருந்து தோன்றிய இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே ஸ்பானிய அமெரிக்காவின் வேளாண் வரலாறு எனலாம்.

மெக்சிகோவில் அடிமைமுறை 1829-இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனவே சட்டத்தின் பார்வையில் பெயோன் உரிமையுடைய குடிமகன். ஆயினும் பண்ணை எல்லைக்குள்ளேயே குடியமர்த்தப்பட்ட பெயோன், திருமணம், நோய், இறப்பு போன்ற தேவைகளுக்காகப் பண்ணையாரிடம் முன்பணம் பெற்றான். 'தியெந்தா தே ராயா' எனப்பட்ட பண்ணைக்கடையில் தவணைக்குப் பொருள் வாங்கினான். ராயா என்பதற்குக் கோடு என்பது நேர்ப்பொருள். அது கூலியையும் குறிக்கும். கணக்குப்புத்தகம் பண்ணையாரிடம் இருந்தது. எழுத்தறிவும் அவர் பக்கமே இருந்தது. கடன் தீரும்வரை வெளியேற இயலாது. வெளியேறாதவரை கடன் தீராது. இவ்வமைப்பே 'பெயோனாஹே' எனப்பட்டது. யுகத்தான் பகுதியின் எனிக்கன் நார்த்தோட்டங்களை நேரில் கண்ட அமெரிக்க இதழாளர் ஜான் கென்னத் டர்னர், 1910-இல் நூலாக வெளியிட்ட தம் பதிவுகளில், கடன் என்னும் பெயரில் அங்கு நிலவியது அடிமைமுறையே என வாதிட்டார்.

மெக்சிகோப் புரட்சியின் விளைவாக உருவான 1917-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தொழிலாளர்கள் அதுவரை தம் முதலாளிகளிடம் பட்டிருந்த வேலைவழிக் கடன்கள் அனைத்தும் அழிந்தன என அறிவித்தது. அதன் 123-ஆம் பிரிவு, தொழிலாளியின் கடனை அவர் குடும்பத்தாரிடம் கேட்கலாகாது எனவும், ஒரு மாத ஊதியத்திற்கு மேற்பட்ட கடனை வசூலிக்கலாகாது எனவும் விதித்தது. ஒரு நாட்டின் அரசியலமைப்பே கடன்கணக்கைக் கிழிக்க முன்வந்தது என்பதிலிருந்து, பெயோனைக் கட்டியிருந்த கயிறு எது என்பது விளங்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளும் இம்முடிவுக்கே வந்தன. நியூ மெக்சிகோவில் நிலவிய இம்முறையை முன்னிறுத்தி 1867-இல் ஒழிப்புச்சட்டம் இயற்றப்பட்டது. 1905-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கடன்பட்டிருத்தலே இம்முறையின் அடிப்படை எனத் தெளிவுபடுத்தியது.

இவ்விடத்து ஒரு மறுப்பையும் கருதுதல் வேண்டும். பெயோன்கள் அனைவரும் கடனால் பிணிக்கப்பட்டிருந்தனர் என்பதை 1970-களுக்குப் பின்வந்த வரலாற்றறிஞர் பலர் ஏற்பதில்லை. ஆட்பற்றாக்குறை நிலவிய சில பகுதிகளில், பெரிய முன்பணம் என்பது உழைப்பாளி பேரம்பேசிப் பெற்ற சலுகையாகவும் இருந்திருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. இம்மறுப்பு நம் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அடிமைத்தனம் இச்சொல்லின் உள்ளே இல்லை. சொல் வழங்கும் இடத்தின் நில உறவிலும் கடன் உறவிலும்தான் அது உள்ளது.

உருவகப்பொருள்: சதுரங்கக் காலாள்

இச்சொல்லின் உருவகப்பொருள் சதுரங்கப் பலகையிலிருந்து எழுவது. இந்தியாவில் 'பதாதி' எனப்பட்ட காலாள், பாரசீகத்தில் 'பியாதா' ஆகி, அரபியின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. 1283-இல் அல்ஃபோன்சோ மன்னரின் ஆணையால் நிறைவுற்ற விளையாட்டுகள் பற்றிய நூலில், இக்காய் பெயோன் என்றே குறிக்கப்படுகிறது. வடமொழி, பாரசீகம், ஸ்பானியம் ஆகிய மூன்றும் காலை அடிப்படையாகக் கொண்டே இக்காய்க்குப் பெயரிட்டுள்ளன. தமிழின் 'காலாள்' என்பதும் அவ்வாறே.

இன்றைய ஸ்பானிய வழக்கில் ஒருவரைப் 'பிறர் கையில் உள்ள பெயோன்' எனக் கூறினால், அவர் அடிமை என்பது பொருளன்று. பிறருடைய திட்டத்தில் பலிகொடுக்கத் தக்கவர் என்பதே பொருள். பண்ணைப் பெயோனின் துயரம் வெளியேற இயலாமை. பலகைப் பெயோனின் துயரம் தன்னை நகர்த்தும் திட்டத்தை அறியாமை. முன்னது கட்டு, பின்னது கருவியாதல்.

உருவகத்தில் மற்றொரு கூறும் உண்டு. சதுரங்கக் காய்களுள் பின்வாங்க இயலாதது காலாள் ஒன்றே. கடைசிக் கட்டத்தை எட்டியதும் வேறொரு காயாக உயரக்கூடியதும் அது ஒன்றே. இவ்வுயர்வை ஸ்பானியர் 'முடிசூடுதல்' என்னும் சொல்லால் குறிப்பர். போர்ஹெஸ் தம் 'எல் அசெதோர்' (1960) தொகுப்பில் சதுரங்கத்தைப் பாடிய இரு பதினான்கடிப் பாடல்களில், காய்களை நகர்த்தும் ஆட்டக்காரனையும் வேறொரு கை நகர்த்தும் காயாகக் காண்கிறார். அங்கே பெயோன் நிலை ஒரு வகுப்புக்குரியதாக இல்லாமல் மானிடர் அனைவர்க்கும் பொதுவாகிறது. இப்பொதுமை அழகியதே. எனினும் பண்ணைக்கடையின் கணக்குப்புத்தகம் இப்பொதுமையில் மறைந்துபோகிறது என்பதையும் திறனாய்வாளன் கூற வேண்டியவனாகிறான். உருவகம் உயர உயர, நேர்ப்பொருளின் வலி தேய்கிறது.

புனைகதையில் காலும் குதிரையும்

இரு படைப்புகளை ஒப்பிட்டு நோக்கின் இது தெளிவாகும். அர்ஜென்டினா எழுத்தாளர் ரிகார்தோ குயிரால்தெஸ் எழுதிய 'தோன் செகுந்தோ சொம்ப்ரா' (1926) நாவலில், பம்பா சமவெளியின் பெயோன் குதிரை மீதமர்ந்து கால்நடை ஓட்டுகிறான். 'நடப்பவன்' எனப் பொருள்படும் பெயரைத் தாங்கியவன் குதிரையில் செல்கிறான்! சொல்லின் வேர்ப்பொருள் இங்கு முற்றிலும் இறந்துவிட்டது. அங்குப் பெயோன் என்பது ஒரு தொழிற்பெயர். அதில் பெருமிதமும் உண்டு. ஆனால் நாவலின் நாயகனாகிய அநாதைச் சிறுவன் இறுதியில் நிலவுடைமையாளனாகும்போது அதுவரை வாழ்ந்த வாழ்வை இழக்கிறான் என்பதையும், உடைமை இல்லாதவரே பெயோன் என்னும் எல்லை அழியவில்லை என்பதையும் காணலாம். அர்ஜென்டினாவில் 1944-இல், ஹுவான் பெரோன் தொழிலாளர்துறைப் பொறுப்பில் இருந்தபோது, வேளாண் பெயோன்களுக்கான தனிச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பெருமிதம் மட்டும் வயிற்றை நிரப்பவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ 1953-இல் வெளியிட்ட தொகுப்பில், 'நமக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை உண்டு. புரட்சிக்குப்பின் நிலப்பங்கீட்டில் நிலம் பெற்ற உழவர் சிலர், அந்நிலத்தின் வழியே காலையிலிருந்து நடந்துகொண்டேயிருக்கின்றனர். மழை பெய்யாத, புல்லும் முளைக்காத வறள்நிலம் அது. முன்பு அவர்களிடம் குதிரைகளும் துப்பாக்கிகளும் இருந்தன, இரண்டும் பறிக்கப்பட்டுவிட்டன. முறையிட்டபோது எழுத்தில் தருமாறு அதிகாரி கூறிவிடுகிறார். பெயோன் என்னும் சொல்லை நம்பியிராமலே, அச்சொல்லின் முழு வரலாற்றையும் இக்கதை சொல்லிவிடுகிறது. குதிரை பறிக்கப்பட்ட நொடியில் மனிதன் மீண்டும் காலாளாகிறான். பழைய காலாளுக்கு வென்ற நிலத்தில் பங்கு கிடைத்தது. இவனுக்கும் பங்கு கிடைத்திருக்கிறது, ஆனால் விளையாத நிலத்தில். எழுத்தறிவு மறுபக்கத்தில் இருக்கும் நிலையும் மாறவில்லை.

'பியூன்' – இந்தியாவை அடைந்த கிளை

மாணவர் எழுதிய 'பியூன்' என்னும் விடை நகைப்புக்குரியதாயினும், சொற்பிறப்பு நோக்கில் அது தவறன்று. போர்த்துகீசியரின் பியாவ், இந்தியக் கடற்கரை வணிகத்தலங்களில் காலாட்காவலரைக் குறித்து வழங்கி, ஆங்கிலத்தில் நுழைந்து, கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலகங்களில் ஏவலாளரைக் குறிக்கும் சொல்லாயிற்று. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இம்மாற்றத்தைப் பதிவு செய்துள்ளது. கோப்புகளைச் சுமந்து மேசைக்கு மேசை நடப்பவர் என்ற அளவில், 'கால்' என்னும் வேர்ப்பொருள் இந்தியக் கிளையில் மிகுதியாக உயிர்த்திருக்கிறது எனலாம்.

இங்கு இச்சொல் கடனைச் சுட்டவில்லை, படிநிலையைச் சுட்டியது. ஆறாவது ஊதியக்குழுவின் 2008-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளை ஒட்டி, மைய அரசில் நான்காம் பிரிவுப் பணியிடங்கள் பல்பணி ஊழியர் என மறுபெயர் பெற்றன. தமிழகத்தில் 'அலுவலக உதவியாளர்' என்னும் பெயர் வழக்கில் உள்ளது. பெயர் மாறியும் அழைப்புமணி மாறவில்லை. அதுபோகட்டும். மொழிபெயர்ப்பாளன் அஞ்ச வேண்டியது இதுவே: ஆங்கிலவழிப் பெயர்ப்பில் இச்சொல்லைக் காணும் தமிழ் மனம், யுகத்தான் நார்த்தோட்டத்தில் ஓர் அலுவலக வாயிலைக் காண நேரிடும்.

'அடிமை' – யாருடைய அடி?

இனி, மாணவருட் பலர் எழுதிய 'அடிமை' என்னும் விடையை நோக்குவோம். அடி என்னும் பாதப்பெயரின் அடியாகப் பிறந்தது இச்சொல் என்பர். அவ்வாறாயின் பெயோனும் அடிமையும் ஒரே உறுப்பிலிருந்து தோன்றியவை. நிகரன்கள் எனத் தோன்றுவது இயல்பே. ஆனால் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. பெயோன் என்னும் சொல்லில் உள்ள கால், அவனுடைய சொந்தக் கால். அடிமை என்னும் சொல்லில் உள்ள அடி, ஆண்டையின் அடி. முன்னவன் தன் காலால் நடப்பவன். பின்னவன் பிறன் அடிக்கீழ் இருப்பவன்.

இவ்வேறுபாடு இரு சொற்களின் உருவக வளர்ச்சியையும் வேறுபடுத்தியது. பிறன் அடி என்பது இறைவனடி ஆகும்போது அடிமை பேறாகிறது. அடியார், அடியேன் என்பன உயர்வுச் சொற்களாகின்றன. தடுத்தாட்கொண்ட புராணத்தில் முதியவராக வரும் இறைவன், சுந்தரரின் பாட்டனார் தமக்கும் தம் வழியினர்க்கும் சேர்த்து எழுதித்தந்த ஆளோலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டி வழக்கை வெல்கிறார். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுகிறது. சுந்தரர் படியோலையைக் கிழித்தும் மூல ஓலை எஞ்சுகிறது. சோழர்காலக் கல்வெட்டுகளில் ஆள்விலை ஆவணங்கள் காணப்படுவதை நினைவிற்கொண்டால், சேக்கிழார் கையாண்டது தம் காலச் சமூகம் நன்கறிந்த ஓர் ஆவண வடிவம் என்பது புலனாகும். வழிவழிப் பிணிப்பை ஆட்கொள்ளலாக மாற்றியது பக்தி இலக்கியத்தின் ஆற்றல். அப்பிணிப்பைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கியதும் அதுவே.

ஸ்பானிய மொழியில் இவ்வுயர்வு 'எஸ்கிளாவோ', 'சியெர்வோ' என்னும் சொற்களுக்கே உண்டு. தேவதூதருக்கு விடைகூறும் மரியா, ஸ்பானிய விவிலியத்தில் தம்மை 'எஸ்கிளாவா' என்கிறார். தமிழ் விவிலியத்தில் 'அடிமை' என்கிறார். பெயோன் என்று கூறுவதை எவரும் கற்பனையும் செய்யார். அழகணி இல்லாத கைவளைக்கும் எஸ்கிளாவா என்று ஸ்பானியர் பெயரிட்டுள்ளனர். பக்தியும் அணிகலனும் ஏற்ற சொல் அது. இரண்டும் ஏற்காத சொல் பெயோன். ஆகவே 'அடிமை' எஸ்கிளாவோவுக்கு நிகரன், பெயோனுக்கு அன்று. மேலும், பெயோனை அடிமை எனப் பெயர்த்தால், சட்டத்தில் உரிமையும் நடப்பில் கட்டும் என்னும் முரண் அழிந்துவிடுகிறது. அம்முரணே பெயோன் வாழ்வின் மையத் துயரம்.

'கூலி'யும் 'பண்ணையாளும்'

'கூலி' என்பது எதிர்த்திசையில் பிழைபடுகிறது. தமிழில் கூலி உழைப்பின் விலை. ஐரோப்பிய மொழிகளில் அது உழைப்பவனின் பெயராயிற்று. அவ்வழக்கின் தோற்றம் பற்றி அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. கூலியாள் மாலையில் கூலி பெற்று வீடு திரும்புபவன். மறுநாள் வேறிடம் செல்லக்கூடியவன். கடனால் கட்டுண்ட மெக்சிகோப் பெயோனுக்கு இந்த மறுநாள் இல்லை. அர்ஜென்டினாப் பெயோனுக்கு ஓரளவு உண்டு.

மெக்சிகோப் பெயோனுக்கு நெருங்கிய தமிழ்ச்சொல் நம் வேளாண் வரலாற்றிலேயே உள்ளது. அது 'பண்ணையாள்'. தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் சட்டப்படி அடிமையல்லன், நாட்கூலியும் அல்லன். மிராசுதாரின் நிலத்தோடும் குடியிருப்போடும் கடனோடும் பிணைக்கப்பட்டவன். 1952-இல் சென்னை அரசு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. 1976-இல் இந்திய அரசு இயற்றிய கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டமும், 1917-இன் மெக்சிகோவைப் போலவே, கடனை அழித்தே ஆளை விடுவிக்க முனைந்தது. 1982-இல் இந்திய உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழ் வேலைவாங்குதலும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று விளக்கியது. இரு நாடுகளின் சட்டங்களும் ஒரே முடிச்சைத் தேடி அவிழ்த்துள்ளன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. பெயோன் என்பதன் நேர்ப்பொருள் காலாள் என்பதே. அடிமைத்தனம் அச்சொல்லின் வேரில் இல்லை. நிலமும் கடனும் அதை அச்சொல்லில் ஏற்றின.

2. அதன் உருவகப்பொருள் கட்டுண்ட நிலையைக் குறிக்காமல், பிறர்க்குக் கருவியாகும் நிலையைக் குறிக்கிறது.

3. 'அடிமை' சட்டவழி உரிமையை மறைக்கிறது. 'கூலி' கடன்வழிக் கட்டை மறைக்கிறது. 'பியூன்' இரண்டையும் மறைத்து அலுவலகத்தைக் காட்டுகிறது.

4. போரிலும் பலகையிலும் 'காலாள்', மெக்சிகோப் பண்ணையில் 'பண்ணையாள்', பம்பாவில் 'வேலையாள்' எனச் சூழலுக்கேற்பப் பெயர்த்தலே பொருந்தும்.

ஒரு சொல்லை மூன்றாகப் பிரித்தால் மூலத்தின் ஒருமை சிதையாதா என வினவலாம். சிதையாது. மூன்றிலும் 'ஆள்' நிற்கிறது. ஸ்பானியம் கால் என்னும் வேரால் காத்த தொடர்ச்சியைத் தமிழ் ஆள் என்னும் சொல்லால் காக்க முடியும். அச்சொல் பெயராயின் ஏவல் செய்பவன். வினையாயின் ஆட்சி செய்தல். ஆள்பவனும் ஆளும் ஒரே சொல்லில் வாழும் மொழிக்கு, பெயோனின் வரலாறு அயலானதன்று. அதை எழுதும்போது பொருத்தமான ஆளைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளனுடையது.